ஹெட்செட்டார்

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் ஹெட்செட்டாரைக் கண்டுபிடிப்பது சுலபம். நெற்றியில் ஆரம்பித்து, இரண்டு கன்னங்களையும் சுற்றிக்கொண்டு, மூக்குத்தண்டில் வந்து சேரும் ஒரு சிவப்பு வளையம் அவர் முகத்தில் பதிந்திருக்கும். விடியற்காலை நான்கு மணிவரை வி.ஆர். என்னும் மெய்நிகர் உலக ஹெட்செட் அங்கே உட்கார்ந்திருந்ததற்கான முத்திரை அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஏதோ அலர்ஜி என்று நினைத்துப் பரிதாபப்படுவார். பழகியவர்கள் அவசரமாக லேப்டாப்பைத் திறந்துகொள்வார்கள். “நேத்து என்ன கேம் சார்?” என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அன்றைய மீட்டிங் அவ்வளவுதான்.

என்ன கேம் ஆடினார் என்று அவர் சொல்ல மாட்டார். எத்தனை ஃபிரேம் வந்தது என்று சொல்வார்.

வேளச்சேரியில் ஒருவர் இருக்கிறார், சரவணம்பட்டியில் ஒருவர் இருக்கிறார், நியூ ஜெர்சியிலும் கட்டாயம் இருக்கிறார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சம்பளம் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கும் அளவுக்கு இருக்கும். தலைமுடி அந்த அளவுக்கு இருக்காது. ஹெட்செட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஹெட்செட்டார் ஆகிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வி.ஆருக்கென்றே செய்த கேம்களை வாங்கி, மாட்டிக்கொண்டு, ஆடிவிட்டுக் கழற்றி வைப்பவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களைப் பார்த்தால் நம்மவருக்கு ஒரு புன்னகை வரும். 2020-ல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ அவரிடமும் இருக்கிறது. போட்டார், ஓடியது. “நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையே” என்று மூடி வைத்துவிட்டார்.

அவருக்கு வேண்டியது மானிட்டருக்கும் டி.வி.க்கும் என்று செய்த கேம். செய்தவர்கள் ஹெட்செட்டைக் கனவிலும் நினைத்திருக்கக் கூடாது. அதைக் கொண்டுவந்து கண்ணுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு நிறுத்த வேண்டும். சொன்னால் சிரிப்பு வரலாம். ஆனால் இன்றைய வி.ஆர். அலையே இந்தப் பைத்தியத்தில்தான் தொடங்கியது. 2012-ல் பால்மர் லக்கி என்ற பையன் செய்து கொடுத்த முன்மாதிரிக் கருவியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஈ3 கேம் கண்காட்சிக்கு வந்தார் ‘டூம்’ புரோகிராமர் ஜான் கார்மக். உள்ளே அவர் ஓட்டிக் காட்டியது எட்டு வருஷம் பழைய ‘டூம் 3’. கேம் அந்த ஆண்டே ‘பி.எஃப்.ஜி. எடிஷன்’ என்று மறுபதிப்பாக வந்தது. அந்தக் கருவிக்கான, அதாவது ஓக்குலஸ் ரிஃப்டுக்கான வசதி, சொன்னபடி அதில் வரவில்லை. ரசிகர்களே உட்கார்ந்து ‘மாட்’ என்ற ஒட்டுநிரல் எழுதி அதை ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஹெட்செட்டார் இந்த வரலாற்றைக் குலமுறை கிளத்துகிற தொனியில் சொல்வார். ‘கார்மக்’ என்னும்போது குரல் ஒரு படி இறங்கும்.

அவருடைய துன்பத்துக்கெல்லாம் வேர் ஒரு வகுத்தல் கணக்கு. சாதாரண மானிட்டரில் நொடிக்கு 60 படம், அதாவது ஃபிரேம், வந்தால் ஜனங்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள். 30 வந்தாலும் சகித்துக்கொள்வார்கள். ஹெட்செட்டில் 90 வேண்டும். அப்படியென்றால் ஒரு படத்தை வரைய 11.1 மில்லி செகண்ட். அதுவும் இரண்டு கண்ணுக்கு இரண்டு படம், கொஞ்சம் கோணம் மாற்றி. குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 புள்ளிகள். இரண்டும் சேர்ந்தால் 91 லட்சம். 4கே டி.வி.யிலேயே 83 லட்சம்தான். போதாக்குறைக்கு லென்ஸ் படத்தை வளைக்கும் என்பதால், எதிர்த்திசையில் முன்கூட்டியே வளைத்து அனுப்ப வேண்டும். வளைப்பில் தெளிவு போகாமல் இருக்க இன்னும் பெரிதாக வரைய வேண்டும். இவ்வளவையும் 11.1-க்குள் முடிக்கத் தவறினால் உலகம் ஒரு கணம் தலையோடு சேர்ந்து திரும்ப மறுக்கும். கண் ‘நகர்ந்தேன்’ என்னும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லையே’ என்னும், இந்த வழக்கில் தீர்ப்பு வயிற்றில் எழுதப்படும்.

இந்தக் கணக்கை ஏமாற்ற வழிகள் உண்டு. ஒன்று, கேமை 45-லேயே ஓடவிட்டு, நடுநடுவே ஒரு படத்தை மென்பொருளே ஊகித்துச் செருகிவிடுவது. ஊகம் என்பதால் ஹெலிகாப்டரின் விசிறியும் கதவின் ஓரமும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். இன்னொன்று, லூக் ராஸ் என்பவர் தம் மாட்களில் பிரபலப்படுத்திய வழி: ஒரு முறை இடது கண்ணுக்கு, அடுத்த முறை வலது கண்ணுக்கு என்று மாற்றி மாற்றி வரைவது. இதை ஹெட்செட்டார் மனைவிக்கு முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, “ஒரே தோசைக்கல்லு, ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு பெரியவனுக்கு, அடுத்தது சின்னவனுக்கு. அதானே?” என்றார். அதேதான். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஹெட்செட்டாருக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

ராஸின் மாட்களில் சில 2022-ல் டேக்-டூ கேம் நிறுவனம் பதிப்புரிமைப் புகார் கொடுத்ததால் போய்விட்டன. அந்தப் பழைய ஃபைல்களை நம்மவர் மூன்று ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறார். அதற்கும் முன்னே, 2013-லிருந்து, இதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்கும் ‘வோர்பெக்ஸ்’ என்ற மென்பொருள் இருந்தது. அந்தக் காலத்து மெனுக்கள் இன்றும் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது 2024 பிறந்தபோது வந்த யுஇவிஆர். பிரேடாக் என்ற புனைபெயரில் இருக்கும் ஒரு புரோகிராமர் எழுதி, இலவசமாகக் கொடுத்தது. அன்ரியல் என்ற கேம் எஞ்சினின் 4, 5 பதிப்புகளில் செய்த ஏராளமான கேம்களுக்குள் நுழைந்து, அந்த எஞ்சினுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த இரட்டைக்கண் வசதியைத் தட்டி எழுப்பிவிடுகிறது. கேம்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் திறந்துகொண்டன. வேறு யாராக இருந்தாலும் ஒன்றை எடுத்து ஆடியிருப்பார்கள். இவர் பட்டியல் போட ஆரம்பித்தார்.

எல்லாம் ஒரேயடியாக ஓடிவிடுவதில்லை என்பது அவருக்கு ஒரு பாக்கியம். மானிட்டரில் கேமரா கதாநாயகனின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதை இழுத்து அவன் கண்ணில் வைக்கப் போனால் அரை அங்குலம் தவறிவிடும். அப்போது ஹெட்செட்டார் நாயகனின் வாய்க்குள் நின்றுகொண்டு பல்வரிசையைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார். மேலே அண்ணாந்தால் இரண்டு கண்விழிகள், உள்பக்கம். எவ்வளவு அழகான நடிகராக இருந்தாலும் உள்ளேயிருந்து பார்க்கக் கூடாது என்பார். கீழே குனிந்தால் தலையில்லாத சொந்த உடம்பு நடந்துகொண்டிருக்கும். உயிர் எவ்வளவு மிச்சம், குண்டு எத்தனை மிச்சம் என்று காட்டும் எழுத்தெல்லாம் மூக்குநுனியில் ஒட்டிக்கொண்டு வரும். மரத்தின் நிழல் வலது கண்ணில் விழும், இடது கண்ணில் விழாது. இந்த நிழல் விவகாரம் ஒன்றுக்காகவே அவர் பல தீபாவளி, பொங்கல்களை விட்டிருக்கிறார்.

ஆகையால் எந்த கேமிலும் அவருக்கு முதல் பத்து நிமிடம்தான் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் அவரை வெல்ல ஆள் கிடையாது. 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’, கைகள் கட்டப்பட்ட கைதிகளை ஒரு குதிரை வண்டியில் கொலைக்களத்துக்குக் கொண்டுபோவதில் தொடங்கும். 2018-ல் கணினிக்கு அதிகாரப்பூர்வ வி.ஆர். பதிப்பே வந்துவிட்டது, இருந்தாலும் அதன் மேல் நூற்றுக்கணக்கில் மாட்களை அடுக்கினால்தான் அவருக்குத் திருப்தி. வண்டியில் ஏறுவார். எதிரில் இருப்பவனின் முழங்கால் நிஜ அளவில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். குதிரைத் திருடனின் சட்டைத் தையல் அவருக்கு அத்துப்படி. பனி, பைன் மரங்கள், சக்கரத்தின் ஆட்டம், எல்லாம் பார்த்து, “ஷார்ப்னெஸ் பத்தல” என்று வெளியே வந்துவிடுவார். கொலைக்களத்தில் கோடரி ஓங்கும் நேரத்தில் டிராகன் வந்து காப்பாற்றும் என்று உலகத்துக்கே தெரியும். இவர் இதுவரை டிராகனைப் பார்த்ததில்லை. ‘ரெசிடென்ட் ஈவில் 2’-ல் மழைபெய்யும் அந்தப் பெட்ரோல் பங்கைத் தாண்டியதில்லை. ஜோம்பிகள் அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து உண்மையிலேயே செத்திருக்கும்.

வீட்டாரின் பாடு தனி. கேபிள் இல்லாமல் ஹெட்செட்டுக்குப் படம் அனுப்ப, வைஃபை ரவுட்டர் அதே அறையில் இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். அதனால் ஹாலில் இருந்த ரவுட்டர் படுக்கையறைக்குப் போயிற்று. மாமியார் பார்க்கும் சீரியலில் வில்லி கையை ஓங்கியபடியே நின்றுவிட, நடுவில் வட்டம் சுழல ஆரம்பித்தது. கையை வீசி ஆடுவதால் சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வியர்த்து லென்ஸில் ஆவி படியும். போட்டால் கன்ட்ரோலர் பறக்கும். ஒன்று பறந்து, டியூப் லைட்டோடு திரும்பி வந்தது. கடைசியில் ஒரு டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்தார். அது நல்ல யோசனை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்: எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று காற்று சொல்லிவிடும், குமட்டலும் குறையும். அதையும் மீறி வயிற்றைப் பிரட்டினால் மேஜை மேல் இஞ்சி மரப்பா பாக்கெட் தயாராக இருக்கிறது. “மலைக்கு பஸ்ல போறவங்க சாப்பிடறது. இவரு பெட்ரூமுக்குப் போக சாப்பிடறாரு” என்பார் மாமியார்.

வெளியே வந்தாலும் ஆள் மாறுவதில்லை. மனிதக் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். லென்ஸை அதற்குத் தகுந்தபடி நகர்த்த வேண்டும். எனவே அவர் யாரோடு பேசினாலும் இரண்டு புருவத்துக்கும் நடுவிலேயே பார்ப்பார். தம்பிக்குப் பெண் பார்க்கப் போய்வந்த அன்று, பெண் எப்படி என்று அம்மா கேட்டதற்கு, “அறுபது, அறுபத்தொண்ணு இருக்கும்மா” என்றார். அம்மாவுக்கு மயக்கம் வரப் பார்த்தது.

இந்த இனத்தில் விமானக் கிளை என்று ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் ‘மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ வி.ஆர். வசதி கொடுத்ததிலிருந்து அவர்கள் ஓடுபாதையிலேயே இருக்கிறார்கள். மேகத்தை ஒரு படி குறைத்து, நிழலை இரண்டு படி குறைத்து, விமானம் கிளம்புவதற்குள் கிராபிக்ஸ் கார்டு டிரைவருக்குப் புதிய பதிப்பு வந்துவிடும். ஹெட்செட்டார் அவர்களை மதிப்பார், ஆனால் நெருங்க மாட்டார். அவர்கள் தம்மைவிட முற்றியவர்கள் என்பது அவர் எண்ணம்.

போன கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரி முதல் வருடம். “மாமா, ஒரு தடவை போட்டுப் பாக்கவா?” என்று கேட்டான். “இருடா, ஒரே ஒரு செட்டிங் பாக்கி” என்றார். அது காலையில். மத்தியானம் அலுவலகத்திலிருந்து மேனேஜர் கூப்பிட, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் போனோடு மொட்டை மாடிக்குப் போனார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பையன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’ ஆடிக்கொண்டிருந்தான். மானிட்டரில் தெரிந்த இடத்தை ஹெட்செட்டார் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த கேமும் ஒரு வண்டியில்தான் தொடங்குகிறது, இது ஆகாயத்தில் போகும் வண்டி. அதைத் தாண்டி அவர் போனதில்லை.

“டேய், இது எந்த இடம்?”

“ஸ்கூலுக்கு வந்துட்டேன் மாமா. சூப்பரா இருக்கு.”

“வலது கண்ணுல நிழல் இருக்கு, இடது கண்ணுல இல்ல. தெரியுதா?”

“தெரியல மாமா.”

“தூண் ஓரமெல்லாம் நெளியுது பாரு.”

“நான் ஓரத்தைப் பாக்கல மாமா, அந்தப் பேய் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு இருக்கேன்.”

மானிட்டர் மூலையில் 45 என்று எரிந்துகொண்டிருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. “கொஞ்சம் கழட்டுடா, ரெண்டே நிமிஷம்” என்று வாங்கிக்கொண்டார். பையன் மாடிக்குப் போய் கிரிக்கெட் ஆடினான், சாப்பிட்டான், தூங்கினான், காலையில் திருச்சி பஸ் ஏறினான். தாம்பரம் தாண்டும்போது மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது: இரண்டு கண்ணிலும் நிழல்! ஃபிரேம் மட்டும் 38-க்கு இறங்கியிருந்தது. அதற்கும் ஒரு வழி வைத்திருப்பதாகக் கீழே நான்கு பத்தி எழுதியிருந்தார்.

“செம மாமா. நான் விளையாடின கேம் சேவ் ஆயிருக்குல்ல? தீபாவளிக்கு வந்து கன்டின்யூ பண்றேன்” என்று பதில் போட்டான் பையன்.

நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. ஒவ்வொரு செட்டிங் மாற்றத்துக்கும் சேவ் ஃபைலை அழித்து முதலிலிருந்து தொடங்கினால்தான் டெஸ்ட் சுத்தமாக இருக்கும் என்பது ஹெட்செட்டாரின் கொள்கை.