நாடு மாறினால் நாக்கு மாறுமா?
(கேள்வி–பதில்)

கேள்வி: அமெரிக்கா போன மைத்துனர் ஆறே மாதத்தில் வேறு மாதிரி பேசுகிறார். இது நடிப்புதானே?

பதில்: அப்படித் தீர்ப்பளிப்பது பெரும்பாலும் அநியாயம். ஒலிகளை உச்சரிக்கும் முறை, சொல்லில் அழுத்தம் விழும் இடம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவை கூடி உண்டாகும் பேச்சுச் சாயலையே ஆக்சென்ட் என்பர். எதிரில் இருப்பவரோடு நெருங்க விரும்பும்போது இச்சாயல் அவருடையதை நோக்கி நகர்கிறது, விலக விரும்பும்போது வேறுபடுகிறது என்று 1970களில் ஹோவர்ட் கைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் விளக்கினார். இந்நகர்வு பெரும்பாலும் பேசுபவர் அறியாமலேயே நிகழ்வதால், அவரை வேடதாரி என்று பழிப்பதற்கு இடமில்லை.

கேள்வி: ஆங்கிலம் மாறட்டும், தாய்ப்பாலோடு வந்த தமிழ் ஏன் மாற வேண்டும்?

பதில்: இரு மொழி பேசுபவருக்கும் வாய் ஒன்று, செவி ஒன்று என்பதால் ஒன்றின் பழக்கம் மற்றொன்றில் கசியவே செய்யும். 'பால்' என்று சொல்லும்போது, இதழ்கள் திறந்த உடனேயே தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிரத் தொடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'பென்' என்னும்போதோ இடையில் மூச்சுக்காற்று சீறி வெளிப்பட்ட பின்னரே அதிர்வு தொடங்குகிறது. மில்லி செகண்டுகளில் அளக்கப்படும் இந்த இடைவெளி போர்ச்சுகீசிய மொழியிலும் தமிழைப் போலவே குறுகியது. பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மாறிமாறி வாழ்ந்த ஒருவரின் பேச்சைச் சான்சியர், ஃபவுலர் என்னும் ஆய்வாளர்கள் பதிவுசெய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், அவர் அமெரிக்காவில் சில மாதம் தங்கிய பின் அவருடைய தாய்மொழியான போர்ச்சுகீசியத்தின் இடைவெளியும் சற்றே நீண்டிருந்தது. அவ்வேறுபாடு பிரேசில்காரர்களின் செவிக்கும் புலப்பட்டது. லாஸ் வேகாஸில் குடியேறிய டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபின் ஜெர்மன் பேட்டிகளை நாற்பதாண்டுக் கால அளவில் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வும் தாய்மொழி உச்சரிப்பு வளர்ந்த பின்னரும் நெகிழக்கூடியது என்றே காட்டுகிறது. உலகறிந்த ஒருவருக்கே இது நேருமென்றால் மைத்துனரை மட்டும் குறைசொல்வானேன்?

கேள்வி: உடன் போன பிள்ளைகள் மட்டும் அந்த ஊரில் பிறந்தவர்கள் போலவே பேசுகிறார்களே?

பதில்: வயதே காரணம். கனடாவிலிருந்து தென் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஆறு இளையோரை ஆராய்ந்த ஜே. கே. சேம்பர்ஸ், புதிய ஊரின் சொற்கள் விரைவில் ஒட்டிக்கொள்கின்றன, ஒலிகள் மெதுவாகவே வருகின்றன, சிக்கலான ஒலி விதிகளோ மிக இளையவர்களுக்கே வசப்படுகின்றன என்று 1992இல் எழுதினார்.

கேள்வி: ஊர்க்காரர்களே இல்லாத இடத்துக்குப் போனால் யாரைப் பார்த்துப் பேச்சு மாறும்?

பதில்: உடனிருப்பவரைக் கேட்டு மாறும். அண்டார்க்டிகாவின் ரோதெரா ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் முழுதும் ஒன்றாக அடைபட்டிருந்த பதினொருவரின் பேச்சைப் புறப்படுமுன்னும் தங்கியிருந்த காலத்திலும் பதிவுசெய்து, ஜோனதன் ஹாரிங்டன் குழுவினர் 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்பற்றுவதற்கு உள்ளூர்ப் பேச்சே இல்லாத அந்தப் பனிநிலத்திலும், சில மாதங்களுக்குள் அவர்களுடைய உயிரொலிகள் நுட்பமாக இடம்பெயர்ந்திருந்தன. 'ஓ' போன்ற ஒலியொன்றை வாயின் முன்பகுதிக்குச் சற்று நகர்த்திச் சொல்லும் போக்கு அவர்களிடையே தோன்றியிருந்தது. ஆக்சென்ட்டைப் பிறப்பிப்பது மண்ணோ தண்ணீரோ அன்று, நாள்தோறும் செவியில் விழும் மனிதக் குரல்களே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: ஊர் திரும்பினால் பழைய பேச்சும் திரும்புமா?

பதில்: பெருமளவு திரும்பும். மேற்சொன்ன பிரேசில்காரரின் ஒலியும் தாய்நாட்டில் சில மாதம் தங்கியதும் பழைய அளவை நோக்கி மீண்டது. ஆனால் கேலிக்கு அஞ்சித் தமிழையே தவிர்த்து ஆங்கிலத்தில் ஒதுங்கிவிடுபவருக்கு அந்த வாய்ப்பு குறைகிறது. ஆகவே விடுமுறைக்கு வரும் உறவினரின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டாமல், அவரோடு தமிழில் நிறையப் பேசுங்கள்.