நாலாவது சீட்

வார்சா, கிராக்கோவ் எல்லாம் சுற்றிக் காட்டுவதாகப் போலந்து நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அங்கே நம்மவரை யார் மதிப்பார்கள்?
*– வாசகர், கோவண்டி*

மதிப்பதென்ன, சதுக்கமே வைத்திருக்கிறார்கள்! வார்சாவில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் உலகப்போரில் வீடிழந்த போலந்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோருக்கு 1942-ல் ஜாம்நகர் பக்கம் பாலாசடியில் இடம் கொடுத்தவர் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி. நம் கோலாப்பூர் அருகே வலிவடேயிலும் ஒரு போலந்து முகாம் இருந்தது.

நாமோ, மும்பை ஹார்பர் லைன் ரயிலில் மூவர் இருக்கையில் ஒருவர் நாலாவது சீட் கேட்டாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்!

போலந்து மொழி நாக்கைச் சுளுக்குமாமே?

'ழ' சொல்லும் நாக்குக்கா சுளுக்கு? போலந்துக்காரர் வாண்டா டினோவ்ஸ்கா இங்கே வந்து உமாதேவி ஆகி, திருக்குறளையே தம் மொழிக்குக் கொண்டுபோனார். நீங்கள் 'நன்றி'யாவது கற்றுக்கொண்டு போங்கள்.