நாவலூர் வழக்கில் ‘ஸோ’ என்னும் இடைச்சொல்

இரண்டு வாக்கியங்களைப் பிணைத்து வைப்பதே இணைப்புச் சொல்லின் தர்மம் என்று, ரென், மார்ட்டின் என்னும் இரு துரைமார் 1930களில் இயற்றி நம் பள்ளிக்கூடங்கள் இன்றளவும் பாராயணம் செய்துவரும் ஆங்கில இலக்கண நூல் விதித்திருக்க, பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் நடுவே அமைந்த நாவலூரில் அச்சொற்கள் எவ்விதம் பிரயோகமாகின்றன என்பதைப் பண்டிதர்கள் விசாரிக்காமல் விட்டது விசனிக்கத்தக்கது.

திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களைக் காட்டிலும் வினையெச்சங்களையே விரும்புகின்றன என்று கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். எழுந்து, குளித்து, இட்லி தின்று, பஸ் பிடித்து, ஆபீசுக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிற தமிழன், ஐந்து காரியங்களையும் ஓர் ‘அண்ட்’கூட இல்லாமல் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான். போதாக்குறைக்கு ‘உம்’ ஒன்றுக்கே தொல்காப்பியர் எட்டுப் பொருள் வகுத்து வைத்திருக்கிறார். ஆகவே ஆங்கில இணைப்புச் சொற்கள் இங்கே வந்திறங்கியபோது அவற்றுக்கென உத்தியோகம் எதுவும் காலியாக இல்லை என்பது ஸ்பஷ்டம். படித்தது ஒன்று, பார்ப்பது வேறொன்று என்னும் நாவலூர் சம்பிரதாயப்படி அவையும் வேறு வேலையில் அமர்ந்துவிட்டன.

காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே நிற்கக் கடமைப்பட்ட ‘ஸோ’, இவ்வூரில் காரணத்தை முன்னே அனுப்பிவிட்டுக் காரியத்தை வரவிடாமல் வாசலை அடைத்துக்கொள்கிறது. “மெட்ரோ வேலை நடக்குது சார், ஸோ...” என்று இளைஞர் ஒருவர் கைப்பேசியில் சொல்லி நிறுத்துவாரானால், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போடப்படும் பாதையின் பொருட்டுச் சாலை குறுகிக் கிடப்பதும், தாம் ஒரு மணி நேரம் பிந்தி வரப்போவதும், அதுபற்றி எவரும் வினவலாகாது என்பதும் இரண்டு மாத்திரை அளவுள்ள அந்த ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. 2023 அக்டோபரில் நாவலூர்ச் சுங்கச்சாவடியில் வசூல் நிறுத்தப்பட்டபோது இத்தகைய வாக்கியங்களுக்குரிய பிரதான காரணமொன்று அஸ்தமித்தது என்னவோ வாஸ்தவந்தான். மெட்ரோ அக்குறையைத் தாராளமாகவே நிவர்த்தி செய்திருக்கிறது.

இதைப் பிழையென்பாரோடு யான் உடன்படேன். ஆங்கிலம் தன் இணைப்பைப் பின்வரும் வாக்கியத்தின் தலையில் சூட்டுகிறது. தமிழோ, ‘வந்ததால்’, ‘வந்தாலும்’ என்று முன்வந்த வாக்கியத்தின் வாலில் ஒட்டுகிறது. நாவலூர்வாசி அந்நியச் சொல்லைச் சுதேச ஸ்தானத்தில் வைக்கிறார், அவ்வளவே. “மழை பெஞ்சாலும், பட் வந்துட்டேன்” என்பவரோ வாலிலும் தலையிலுமாக இரட்டை முடிச்சுப் போடும் ஜாக்கிரதைக்காரர். ‘பிகாஸ்’ பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. அதன்பின் காரணம் வருவதில்லை, ‘ஆக்சுவலி’ வருகிறது.

இவ்விலக்கணத்தின் பரிபூரண ரூபத்தை வாடகை விவகாரத்தில் தரிசிக்கலாம். “சம்பளம் இன்னும் கிரெடிட் ஆகல அங்கிள், ஸோ...” என்று குடியிருப்பவர் இழுக்க, ஆங்கிலப் பள்ளியில் கால் வைத்தறியாத வீட்டுக்காரர், “பரவாயில்ல தம்பி, அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன், பட்...” என்று அதே சூத்திரத்தின்படி விடையிறுத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விடுகிறார். எஞ்சி நின்ற பொருள் யாதென உரையாசிரியர்கள் தம்முள் மாறுபடக்கூடும். குடியிருப்பவருக்கு மட்டும் அதில் லவலேசமும் சந்தேகம் எழுவதில்லை.