பல்லிக்கு ஒரு காடு

யாழ்ப்பாணத்தில் பல்லி வளர்க்க ஒரு டியூப்லைட் போதும். மிச்சத்தைப் பல்லியே பார்த்துக்கொள்ளும். ரொறன்ரோவில் அதே காரியத்துக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டும், காடு வேண்டும், மழை வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் மனைவியின் சம்மதம் வேண்டும்.

மகன் கேட்டது கிரெஸ்டட் கெக்கோ. கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி முள்வரிசை உள்ள பல்லி. சொந்த ஊர் பசிபிக்கில் பிரான்சின் ஆட்சியில் இருக்கும் நியூ கலிடோனியா. 1866இல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். பிறகு இது அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். 1994இல் திரும்பவும் கண்டுபிடித்தார்கள். விஞ்ஞானிகளுக்கே இத்தனை காலம் ஒளித்து விளையாடிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, வரவேற்பறையில் வைத்துப் பார்த்து ரசிக்கலாம் என்பது எங்கள் திட்டம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் காசு விஷயம்தான் முதலில் தட்டுப்பட்டது. "பல்லியைக் காசு குடுத்தோ வாங்கினனி? உனக்கென்ன விசரே? ஊரிலை தும்புத்தடியாலை துரத்துறதுக்கு இங்கை வீடு கட்டிக் குடுக்கிறியே?"

வீடல்ல, காடு. நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் அகலம், அறுபது உயரம். பல்லி மரமேறி என்பதால் உயரம்தான் முக்கியம். அடியில் சுட்ட களிமண் உருண்டைகள் நாலு விரல் உயரத்துக்கு. ஊற்றும் தண்ணீரில் மிஞ்சியது அங்கே போய் நிற்கும், வேர் அழுகாது. அதற்குமேல் யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலை. அதற்கும் மேலே அட்லாண்டா தாவரவியல் பூங்காவின் பெயரால் வழங்கும் கலவை: மரப்பன்ன நார், ஓர்க்கிட்டுக்குப் போடும் மரப்பட்டை, கரி, பீட், பாசி. அம்மா ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "இதிலை மண் எங்கை?" மண்ணே கிடையாது என்றேன். பையில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கடன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விசாரித்தார்.

செடிகளில் முதலிடம் மணி பிளான்ட்டுக்கு. அம்மாவின் குசினி யன்னலில் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் நின்ற அதே கொடி, இங்கே சட்டியோடு கைக்குழந்தை மாதிரி வீட்டுக்கு வந்தது.

காட்டுத் தரைக்குச் சருகு வேண்டும். இலையுதிர் காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் சருகுகளை வாரி மண்ணிறக் காகிதப் பைகளில் கட்டி வீதியோரம் வைப்பார்கள், மாநகராட்சி லொறி எடுத்துப் போகும். மருந்தடிக்காத ஓக் மரம் வைத்திருந்த பக்கத்து வீட்டுக் கிழவரிடம் ஒரு பை கேட்டேன். எதற்கு என்றார். பல்லிக்கு என்றேன். அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு இரண்டு பை தந்தார். பூச்சி புழு சாக அவற்றைப் பெரிய பானையில் போட்டு அவித்தேன். கடும் சாயத் தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. அம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்து, "ஆருக்குக் கசாயம்?" என்றார்.

இந்தக் கண்ணாடிக் காட்டுக்கு மூதாதை நதானியல் வார்ட் என்ற லண்டன் வைத்தியர். 1829இல் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய போத்தலில் வைத்தார். புழுவை விட்டுப் பன்னம் முளைத்துவிட்டது. அவர் பெயரில் வந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் 1876இல் ரப்பர் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறின. அம்மாவுக்கு இந்த வரலாற்றைச் சொன்னேன். "அவங்கள் அதிலை காசு பாத்தாங்கள்" என்றார்.

காட்டுக்குத் துப்புரவுத் தொழிலாளர்களும் வேண்டும். வால்துள்ளிப் பூச்சிகள் பூஞ்சணத்தைத் தின்னும். ஐசொப்பொட் என்ற மரப்பேன்கள் சருகையும் பல்லியின் எச்சத்தையும் தின்னும். இவை பூச்சியே அல்ல, இறால், நண்டின் சொந்தம் என்று மகன் விளக்கினான். அப்பம்மா பெட்டிக்குள் உற்றுப் பார்த்தார். "ஒரு சொதிக்கும் காணாது."

குளிர்காலம் வந்தது. ஹீற்றர் ஓடி ஓடி எங்கள் உதடுகள் வெடித்தன. பெட்டிக்குள் ஈரமானி எழுபது சதவீதம் காட்டியது. வீட்டில் ஒழுங்கான காலநிலை நிலவும் ஒரே இடம் அதுதான். அந்தியில் தெளிக்கிறோம், பகலில் காயவிடுகிறோம், வெப்பம் இருபத்தெட்டைத் தாண்டாமல் காவல் இருக்கிறோம். என்னைக் கேட்டால், நாங்கள் வளர்ப்பது பல்லியை அல்ல, அந்த மண்ணில்லாத மண்ணைத்தான். பல்லி அதில் வாடகை தராமல் குடியிருக்கிறது. பகல் முழுவதும் கோர்க் மரப்பட்டைக்குப் பின்னால் தூக்கம். விருந்தினர் வந்தால் பட்டையைக் காட்டுகிறோம்.

ஓர் இரவு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தோம். தலைகீழாகக் கண்ணாடியில் இறங்கி வந்தது. தக்காளி சோஸ் பதத்தில் கரைத்த பழத்தூளைச் சாவகாசமாக நக்கியது. பிறகு அதே நாக்கை நீட்டி வலது கண்ணைத் துடைத்தது, இடது கண்ணைத் துடைத்தது. மூட இமை இல்லாத சாதி, வேறு வழியில்லை. இதன் வால் விழுந்தால் திரும்ப முளைக்காது என்று மகன் சொன்னான். "எங்கட ஊர்ப் பல்லிக்கு முளைக்கும்" என்றார் அம்மா, பெருமையாக.

அப்போது அது "கிக், கிக்" என்றது. அம்மாவின் விரல் தன்பாட்டில் கதிரைக் கையில் தட்டியது. சொன்ன திசை எது என்று பார்த்தார். தெற்கு. முகம் மாறியது.

"பிரெஞ்சுக்காரன்ர தீவுப் பல்லி அம்மா. அதுக்கு எங்கட பஞ்சாங்கம் தெரியாது" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"எண்டாலும் பெட்டியைக் கிழக்குப் பக்கமாத் தள்ளி வை."

இரண்டு பேர் பிடித்தாலும் அசையாத பாரம் அது. மகன் ஒரு பக்கம் பிடித்தான்.