மை வைத்த மவுசு

ஏனுங்க, கவிஞர் கையெழுத்துப் போட்ட புத்தகத்துக்கு எதற்கு இத்தனை மவுசு? வெறும் மைதானே! (வாசகர், பொள்ளாச்சி)

ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து மட்டும் என்னவாம்?

கோவைக் கவிஞர் புவியரசுக்கு 2009இல் சாகித்ய அகாதமி விருது வாங்கித் தந்த தொகுப்பின் பெயரே ‘கையொப்பம்’. அதில் அவர் கையெழுத்தும் இருந்தால் வைத்திருப்பவருக்கு இரட்டை யோகம்!

ஆனாலும், ‘இன்னாருக்கு, இந்தத் தேதியில்’ என்று எழுதிய பிரதிக்கே மதிப்பு அதிகம். 1971இல் கோவையிலிருந்து கிளம்பிய ‘வானம்பாடி’ கவிதை இதழில் புவியரசு, சிற்பி, ஞானி, மு. மேத்தா என்று ஒரு பட்டாளமே இருந்தது. அவர்களில் ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த பிரதி கிடைத்தால் அது அந்த நட்புக்கே பத்திரம். இதழோ ‘விலையிலாக் கவிமடல்’ என்றுதான் வந்தது. இன்று அதை வைத்திருப்பவரிடம் சும்மா கேட்டுப் பாருங்கள், தருவாரா?

‘அன்புடன்’ என்று எழுதித் தந்த புத்தகம் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைக்கு வருகிறதே? (வாசகி, உடுமலை)

அன்பு குறைந்திருக்காது, அலமாரி நிறைந்திருக்கும்!

கடைக்கு வந்தாலாவது இன்னொருவர் காப்பாற்றுவார். பெயர் தெரியக் கூடாதென்று முதல் தாளைக் கிழித்துவிட்டு எடைக்குப் போடுகிறார்களே, அதுதான் அக்கிரமம். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போதும் அந்தத் தாளில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.