இரண்டுங்கெட்டான் படிப்பு

லண்டன் தமிழ்க் கலியாண வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்கு மூன்று பெட்டிகள்தான்: டாக்டர், இஞ்சினியர், எக்கவுண்டன். மூன்றிலும் அடங்காதவனை "கொம்பியூட்டரில ஏதோ செய்யுறான்" என்று சொல்லி நான்காவது பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறவனுக்கு அந்த நான்காவதும் கிடைப்பதில்லை.

"தம்பி என்ன படிக்கிறீர்?"

"பயோமெடிக்கல் இஞ்சினியரிங், அன்ரி."

"அப்ப டாக்டரா வருவீரோ?"

"இல்லை, அன்ரி."

"பாலம், றோட்டு கட்டுவீரோ?"

"இல்லை. டாக்டர்மார் பாவிக்கிற மெஷின்கள் செய்யிறது."

"ஓ... திருத்துற வேலை." அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இப்ப எல்லா வேலைக்கும் நல்ல சம்பளம்தானே."

அன்ரியைக் குறை சொல்லி என்ன? படிக்கிற எங்களுக்கே சில நாட்களில் சந்தேகம் வரும். காலையில் உடற்கூற்றியல், மத்தியானம் வகையீட்டுச் சமன்பாடு. வைத்திய மாணவனுக்கு இதயம் நான்கு அறை. எங்களுக்கு அது ஒரு பம்பி. பெருநாடி ஒரு கொள்ளளவி, சிறு குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தடையி. 1899இல் ஓட்டோ பிராங்க் என்ற ஜெர்மானியர் இரத்தவோட்டத்தை இப்படிக் கணக்காக எழுதிவைத்தார், நாங்கள் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். காதல் தோல்வியை இந்தச் சமன்பாட்டில் எங்கே போடுவது என்று நண்பன் ஒருவன் கேட்டான். விரிவுரையாளர் சிரிக்காமல், "எல்லை நிபந்தனையில்" என்றார்.

ஆய்வுகூடத்தில் மார்பில் மின்வாய்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கப் பழக்குவார்கள். திரையில் முதலில் தெரிவது இதயம் அல்ல, சுவருக்குள் ஓடும் மின்சாரம். பிரித்தானிய மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடும். மனித உடம்பு அதை நன்றாகவே பிடிக்கும். இதயம் காட்டுவதோ ஒரு மில்லிவோல்ட் அளவுதான். ஆகவே இந்தப் படிப்பில் பாதி, இரைச்சலைக் கழித்துவிட்டுத் தேவையானதை மட்டும் கேட்பது. கலியாண வீடுகளில் இந்த வித்தை பலிக்கவில்லை.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிவுசெய்ததும் இதே லண்டனில்தான். 1887இல் பாடிங்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் ஒகஸ்டஸ் வாலர் செய்தார். மனிதர்களைவிட அவருக்கு ஒத்துழைத்தது ஜிம்மி என்ற அவருடைய புல்டோக் நாய். உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களில் காலை வைத்துக்கொண்டு ஆடாமல் நிற்கும். 1909இல் அதை றோயல் சொசைட்டியில் காட்ட, நாயைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அது வெறும் கறியுப்புத் தண்ணீர், கடலில் கால் நனைத்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும் என்கிற மாதிரி உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் பதில் சொன்னார். எங்கள் துறையைப் பற்றிப் பாராளுமன்றமே விசாரித்தது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நாய்க்கு என்ன வேலை எண்டாவது விளங்கியிருக்கு" என்றார் அம்மா.

எங்கள் குலதெய்வம் ஜிம்மி அல்ல, கொட்பிறி ஹவுன்ஸ்ஃபீல்ட். ஆடியில் கனகதுர்க்கை அம்மனுக்குத் தேர் இழுக்கிறார்களே, அந்த ஈலிங்கிலிருந்து சில மைல் தள்ளி ஹேய்ஸில், பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் படிப்பித்தவர். பழைய கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தில் முதல் சி.டி. ஸ்கேனரைக் கட்டினார். முதலில் ஒரு படம் எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. சோதனைக்காக மாட்டு மூளையை வாங்கிப் பொதுப் போக்குவரத்தில் லண்டனுக்குக் குறுக்காகக் கொண்டுபோவாராம். பக்கத்தில் ஓர் அன்ரி இருந்து, "தம்பி என்ன வேலை?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

1971 ஒக்டோபர் முதலாம் திகதி விம்பிள்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு பெண்ணின் தலையை அந்த மெஷின் படம் பிடித்தது. மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைப் பார்க்கலாம் என்று ஆனது அன்றுதான். 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஹவுன்ஸ்ஃபீல்டும் அலன் கோர்மாக் என்ற பௌதிகவியலாளரும் பகிர்ந்துகொண்டார்கள். இருவரும் வைத்தியம் படித்தவர்கள் அல்லர். கலாநிதிப் பட்டமும் அவர்கள் படித்துப் பெறவில்லை. ஸ்கேனில் அடர்த்தியை அளக்கும் அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரையே வைத்தார்கள். தண்ணீர் 0, மூளை ஏறக்குறைய 30, 40. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். பரீட்சை மண்டபத்தில் எனக்கு இந்தச் சந்தேகம் முன்னமே இருந்தது.

இதையெல்லாம் அன்ரிக்குச் சொல்லி முடித்தபோது அவர் கைப்பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்தார். "இது 160 காட்டுது. பழுதோ எண்டு பாரும்."

அந்த மெஷின் கையில் துடிப்பின் அதிர்வைத்தான் அளக்கிறது. அதிர்வு உச்சத்துக்கு வருமிடம் சராசரி அழுத்தம்; மேலே கீழே காட்டும் இரண்டு எண்களும் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தவை. பட்டியைச் சுற்றிப் பார்த்தேன். அன்ரியின் கைக்கு அது போதாது. அளக்கும் நேரம் முழுக்க அவர் அங்கிளை ஏசிக்கொண்டும் இருந்தார்.

ஆகவே அன்ரிமாருக்கும் அங்கிள்மாருக்கும் ஒரு விண்ணப்பம். பட்டி உங்கள் கைக்கு அளவானதா என்று பார்த்து வாங்குங்கள். சிறியதென்றால் பிரஷரைக் கூட்டிக் காட்டும். கதிரையில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் நிலத்தில் பதித்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். அளக்கும்போதும் கதைக்க வேண்டாம். கதைத்தால் பிரஷர் ஏறும். அதற்குப் பிறகும் கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் போங்கள். மெஷினில்தான் பிழை என்று டாக்டர் சொன்னால் மட்டும் என்னிடம் வாருங்கள்.