அடுத்த வருஷம் அச்சாகிவிட்டது

சிவகாசிக்காரர்கள் நடப்பு வருஷத்தில் குடியிருப்பதில்லை. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் பூஜை போட்டு வெளியே வந்துவிடும். தீபாவளிப் புகை அடங்கியதும் அடுத்த தீபாவளிச் சரக்குக்கு மருந்து கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏதாவது ஒரு பிரஸ்ஸுக்குள் நுழைந்து பாருங்கள். இன்னும் வராத வைகுண்ட ஏகாதசி கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய், “எதிர்காலத்துக்கு ஏதாவது செஞ்சு வச்சிருக்கீகளா அண்ணாச்சி?” என்று கேட்பது என் பிழைப்பு. நான் எல்.ஐ.சி. ஏஜெண்ட்.

“அடுத்த வருஷம் பாப்போம் தம்பி” என்பார். அடுத்த வருஷம் அவருக்குக் கீழேதான் இருக்கிறது.

இந்த ஊரில் ஒருவர் நேராக ‘வேண்டாம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது மரியாதைக் குறைவு. மாதங்கள்தான் சொல்லும். மார்கழியில் நல்ல காரியம் செய்யக்கூடாது. தையில் கையிருப்பு பொங்கலோடு போய்விட்டது. பங்குனியில் மாரியம்மன் பொங்கல், சித்திரையில் பத்ரகாளியம்மன் பொங்கல். சொந்தபந்தமெல்லாம் வீட்டில் கூடியிருக்கும்போது சாவைப் பற்றி எப்படிப் பேசுவது? வைகாசியில் கல்யாண மொய், ஆனியில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ், ஆடியில் இருக்கன்குடி கோயில் திருவிழா. ஆவணி, புரட்டாசியில் சீசன். செத்துப்போகக்கூட நேரமில்லை என்பார்கள். ஐப்பசியில் போனஸ் கொடுத்துக் கை காலி. கார்த்திகையில் மழை, மருந்து காயாது, வேலை கிடையாது. மாசி ஒன்றுதான் மிச்சம். மாசியில் நான் போனால், “மார்ச் மாசம் டார்கெட்டுக்காக வந்திருக்கீக” என்று சிரிப்பார்கள்.

மாதம் தப்பினாலும் மணி தப்பாது. நாட்டில் பாதிச் சுவர்களுக்கு ராகு காலத்தை அச்சடித்து அனுப்புகிற ஊர் இது. சரக்கைத் தயாரிப்பவர்களே அதை முழு மனதோடு பயன்படுத்துவதை இங்கேதான் பார்க்கலாம். புதன்கிழமை ஏழரை முதல் ஒன்பது எமகண்டம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு குளிகை. அதன் வாலைப் பிடித்து ஒன்றரை வரை ராகு காலம். ஒன்றரைக்கு முதலாளி சாப்பிடப் போய்விடுவார். எழுந்து வரும்போது மாலைக் காபி. அந்த நாளில் எனக்கு மிஞ்சுவது ஒன்பது முதல் பத்தரை. அதற்குள் அவருக்குச் சந்திராஷ்டமம் இல்லாமலும் இருக்க வேண்டும்.

குளிகையை வைத்து ஒருமுறை ஒரு பிரஸ் முதலாளியை மடக்கப் பார்த்தேன். “குளிகையில செய்றது திரும்பத் திரும்ப நடக்கும்னு நீங்கதான அச்சடிக்கிறீக? இப்பக் கையெழுத்துப் போட்டா வருஷா வருஷம் பிரீமியம் தட்டாமக் கட்டிருவீக.”

அவர் யோசித்தார். “அது சரி. ஆனா இது சாவு சம்பந்தப்பட்டதுல்ல? அதுவும் திரும்பத் திரும்ப நடந்துட்டா?”

ஒருத்தருக்கு ஒரு தடவைதானே அண்ணாச்சி என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டிருந்தால் கருநாக்குக்காரன் என்று பெயர் வாங்கியிருப்பேன். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லையே எடுக்கக்கூடாது. ‘ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா’ என்று எதிரே இருப்பவரைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தயங்குகிறவர்களைச் சமாளிப்பது எப்படி என்று எங்கள் டெவலப்மெண்ட் ஆபீஸர் வகுப்பெடுப்பார். அவருடைய வேதம் ஃபிராங்க் பெட்ஜர் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகம். பெட்ஜர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பேஸ்பால் ஆடியவர். கையில் அடிபட்டு ஆட்டம் போய், பிலடெல்பியாவில் இன்ஷூரன்ஸ் விற்று ஓகோ என்று வந்தார். எந்த மனிதரும் எதற்கும் இரண்டு காரணம் வைத்திருப்பார், ஒன்று சொல்வதற்கு, இன்னொன்று உண்மையானது என்பது அவர் கட்சி. ஆகவே வாடிக்கையாளர் ஒரு காரணம் சொன்னதும் வாதாடாமல், “அதைத் தவிர வேறு என்ன?” என்று கேட்க வேண்டும். உண்மை தானாக வெளியே வந்துவிடுமாம்.

பிலடெல்பியாவில் வந்திருக்கலாம். சிவகாசியில் “அதைத் தவிர வேற என்ன அண்ணாச்சி?” என்று கேட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, வேறு என்ன என்ன என்று சாவகாசமாகச் சொல்கிறார்கள். மைத்துனர் போட்ட பாலிசி பாதியில் நின்ற கதை. ஜோசியர் 84 வயது வரை கெட்டி என்று எழுதிக் கொடுத்த கதை. (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஹாலியும் 1693-ல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து ஆயுள் அட்டவணை போட்டார். ஊருக்கே சேர்த்துக் கணித்தாரே தவிர, தனி ஆளுக்குத் தேதி குறிக்கிற தைரியம் அவருக்கு வரவில்லை.) பிறகு வரி. “பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. வேற பிடிக்கிறானே” என்று பல வருஷம் ஒருவர் தள்ளிப்போட்டார். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றானதும் ஓடினேன். “பாத்தீகளா, பொறுத்ததுக்குக் குறைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுப்போம்.”

எல்லாம் பேசி முடிந்த பிறகு, “முதல் பிரீமியத்தை நீங்க கட்டிருவீகள்ல?” என்று ஒரு கேள்வி வரும். 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம், பிரிவு 41 அதைத் தடுக்கிறது, பத்து லட்சம் வரை அபராதம் என்பேன். “அந்தப் பத்து லட்சத்துக்கு நீங்க ஒரு பாலிசி போட்டு வச்சுக்கிற வேண்டியதுதான” என்று பதில் வரும்.

வரலாற்றிலேயே ஒரு கோளாறு நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதிலிருந்துதான் பட்டாசு, லேபிள், அச்சு எல்லாம். ஆனால் அதே கல்கத்தாவில்தான் 1818-ல் இந்தியாவின் முதல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியான ஓரியண்டலும் தொடங்கியது. திரும்பி வரும்போது அந்தப் பழக்கத்தையும் ஒரு பொட்டலமாகக் கட்டி வந்திருக்கலாம். நான் இத்தனை வெயிலில் அலைய வேண்டியிருக்காது.

இன்ஷூரன்ஸ் என்றால் என்னவென்று தெரியாத ஊருமல்ல. எனக்குத் தெரிந்த பிரஸ் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய ஹைடல்பெர்க் ஆப்செட் மிஷினுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, கட்டடத்துக்கு உண்டு, பேப்பர் ஸ்டாக்குக்கு உண்டு, லோடு வேனுக்கு உண்டு. அவருக்கு மட்டும் இல்லை. அவரோ நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். “மிஷின் பாங்க் கடன்ல வாங்குனது. பாங்க்காரன் போடச் சொன்னான், போட்டேன். என்னைய எந்த பாங்க்கும் கடன்ல வாங்கலயே” என்கிறார்.

பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஃபோர்மேன் ஒருவரோடு நடந்த விவாதம் வேறு வகை. டேர்ம் பாலிசியில் ஒன்றும் ஆகாவிட்டால் கட்டிய பணம் வராது என்பது அவரை உறுத்தியது. “ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் மணல் வாளி வச்சிருக்கீகளே, தீப்பிடிக்காத வருஷம் வாளிக் காசைத் திருப்பிக் கேட்டீகளா?” என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “மணல் வாளி நாக்பூர் சொல்லி வச்சது.” பட்டாசு உரிமம் தரும் வெடிபொருள் துறையின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், இவர் அன்றே என்னிடம் கையெழுத்துப் போடுவார்.

அவரிடம் உண்மையான தயக்கமும் ஒன்று இருந்தது. அதற்கு பெட்ஜர் தேவைப்படவில்லை. ஃபாரத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் வந்ததும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “பட்டாசுன்னு போடாதீக. கூடக் கேப்பாக. விவசாயம்னு போட்டுருங்க.” ஆபத்தான தொழிலுக்குக் கூடுதல் பிரீமியம் கேட்கப்படலாம் என்பது உண்மைதான். ஆனால் பட்டாசு என்று போடாவிட்டால் இந்தப் பாலிசி எதற்கு? பாலிசி மூன்று வருஷம் தாண்டிவிட்டால் பிரிவு 45-படி யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன் ஏதாவது ஆனால் மறைத்ததையெல்லாம் தோண்டுவார்கள். விவசாயி எப்படி மருந்து அறையில் செத்தார் என்று அவர் மனைவியிடம் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சர்க்கரை இருக்கிறதா என்ற கேள்விக்கு “லைட்டா” என்று பதில் சொல்பவர்களிடமும்தான்.

2012 செப்டம்பர் 5-ஐ, முதலிபட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தை, இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. விபத்து நடந்த ஊருக்குக் காரியம் முடியும்வரை ஃபாரத்தோடு போவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதன்பிறகு போனால் எல்லோரும் கேட்பார்கள், தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் போனால் மறுபடி பொங்கல், பீஸ், மழை. அறைக்குள் தினமும் போய் வர வேண்டுமானால் மறந்தாக வேண்டும் போலிருக்கிறது.

மறக்காதவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று ஆண்கள் நழுவுவார்கள். நிஜமாகவே வீட்டில் கேட்டால் வேலை சுலபம். ஃபோர்மேன் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். ராகு காலம் கேட்கவில்லை, ஜோசியரைக் கேட்கவில்லை. “யார் பேருக்கு வரும்? எத்தனை நாள்ல வரும்? நான் எந்த ஆபீஸுக்கு நடக்கணும்?” மூன்றே கேள்வி. அப்புறம் தனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். ஜீவன் ஜோதி திட்டம் சொன்னேன்: 50 வயதுக்குள் சேரலாம், வருஷத்துக்கு 436 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், இரண்டு லட்சம். “இவருக்கு மட்டும் போட்டு எனக்குப் போடாம விட்டா, நான் போனபெறகு இவருக்குச் சோறு யார் போடுவா?” என்றார். ஃபோர்மேன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரஸ் அண்ணாச்சி மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. போன ஆடிக்குப் போனபோது, என் பையைத் திறக்கவிடாமல் தன் ஆல்பத்தைத் திறந்தார். வருஷா வருஷம் பாலிசிதாரர்களுக்கு என் பெயர் போட்ட காலண்டர் கொடுப்பேன், அச்சடிப்பது அவர்தான்.

“எந்தச் சாமி போடட்டும்? முருகனா, மகாலெட்சுமியா?”

“இப்பவே என்ன அவசரம் அண்ணாச்சி, ஐப்பசியில பாப்போம்.”

“ஐப்பசியில பேப்பர் விலை ஏறிரும்.”

“கமிஷன் வரட்டும்...”

“அட்வான்ஸ் மட்டும் போதும்.”

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

அண்ணாச்சி டீ சொன்னார். ஆர்டர் ஃபாரத்தை என் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

“சரி. அதைத் தவிர வேற என்ன?”